கருவாயனின் பின்னங்கால்

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையோர ரப்பர்த் தோட்டத்தில், ஜப்பான்காரன் வந்தபிறகு பால்வெட்டு நின்றுபோனது. லயத்து வீட்டுச் சனங்கள் மரவள்ளி நட்டு உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதையும் காட்டுப்பன்றி தோண்டித் தின்றது. துப்பாக்கி யாரிடமும் இல்லை. ஈட்டியும் நாயும்தான். நாய்களிலும் பன்றியை மடக்கி நிறுத்தக்கூடியது நாகையாவின் கருவாயன் ஒன்றுதான்.

அந்தக் கருவாயன் போன வேட்டையில் பாதி ஓட்டத்திலேயே பின்னங்காலைத் தூக்கிக்கொண்டது. பன்றியின் கோரைப்பல் படவில்லை, முள்ளும் குத்தவில்லை. நாகையா தோளில் போட்டுத் தூக்கி வந்தான். தப்பிய பன்றி அவன் கொல்லையில் பாதியைத் தின்றுவிட்டுப் போனது. இப்போது நொண்டல் தீர்ந்திருந்தது. அடுத்த வேட்டையிலும் நாய் காலைத் தூக்கினால் மீதிக் கொல்லையும் போகும். பிள்ளைகளுக்கு எதை அவித்துப் போடுவது?

வேட்டைக்கு முன்னே நிற்கும் தம்புசாமி வந்து பார்த்தான்.

"வேட்டையன்னிக்கி வரைக்கும் அவுக்காதே நாகையா. கட்டிப் போட்டாத்தான் ஓட்டம் கால்ல சேரும். தீனியும் குறைச்சிடு, வெறி ஏறும்."

அந்தத் தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். போன தடவை நாகையாவும் அப்படித்தான் செய்தான். அங்கேதான் அவனுக்கு இடித்தது. சேர்ந்த ஓட்டமெல்லாம் எங்கே போயிற்று?

"நீ பால்வெட்டுக்குப் போன காலத்துல மரத்துக்கு மரம் உன் பின்னாலயே ஓடுமே, அப்ப ஒரு நாளாச்சும் நொண்டிச்சா?" என்றாள் அவன் பெண்டாட்டி வள்ளியம்மா, கிழங்கைச் சீவிக்கொண்டே.

"அப்ப அதுக்கு வயசு கம்மி."

"உனக்குந்தான் கம்மி. இப்ப சும்மா உக்காந்துட்டு எந்திரிக்கையில முட்டியப் புடிச்சிக்கிறியே, அத எந்தப் பன்னி கடிச்சது?"

அவள் சொல்வது சரியாகப்பட்டது. தம்புசாமி சொன்னதை நினைத்தால் அதுவும் சரியாகப்பட்டது. விடிந்ததும் நாயை அவிழ்த்துக் கால்வாய்க்கரையில் நடத்தினான். பிறகு கொஞ்சம் ஓடவிட்டான். பிறகு மேட்டில் ஏற்றினான். தன் கிழங்கிலும் அதற்குப் பங்கு வைத்தான். ஒருநாள் அது நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தபோது, 'ஐயோ, சேர்ந்த ஓட்டத்தைச் செலவழிச்சிட்டேனோ' என்று பயந்து பகல் முழுக்கக் கட்டிப்போட்டான். மறுநாள் அது விறைத்த காலோடு எழுந்தது. நடக்க நடக்க இளகியது. அவனுக்கு மேலும் குழம்பியது.

வேட்டையன்று நாயைச் சுற்றுவழியாக நடத்திக்கொண்டு காட்டோரம் போய்ச் சேர்ந்தான்.

"என்னடா, நாய்க்குப் பொண்ணு பாக்கப் போயிட்டு வர்றியா?" என்றான் தம்புசாமி. எல்லோரும் சிரித்தார்கள்.

அவிழ்த்ததும் மற்ற நாய்கள் பாய்ந்தன. தம்புசாமியின் செவலை பள்ளத்தைத் தாண்டியதுமே காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தது. கருவாயன் பிந்தித்தான் போனது. ஆனால் விடவில்லை. பன்றியைக் கால்வாய் மூலையில் மடக்கிக் குரைத்தது. ஈட்டிகள் இறங்கின.

"பொறப்பே அப்படி லா, அதிர்ஷ்டக்கார நாய்," என்றான் தம்புசாமி, செவலையின் தொடையை நீவியபடி.

இருக்கலாம். நடத்தியதாலா, தீனியாலா, பிறப்பாலா, நாகையாவுக்குப் பிடிபடவில்லை. கருவாயன் நிழலில் படுக்கப் போனது. ஏனென்று தெரியாமலே வயிற்றுக்கடியில் கை கொடுத்து அதை எழுப்பினான். மரவரிசையோடு மெல்ல நடத்தினான்.

"பங்கு போடுறோம், வாடா! அப்புறம் எலும்புதான் மிஞ்சும்!" என்று தம்புசாமி கூப்பிட்டான்.

அவன் ஒரு கணம் நின்றான். நாயின் இரைப்பு இன்னும் அடங்கவில்லை.

"எலும்பானாலும் எடுத்து வை," என்று கத்திவிட்டு, மண்ணில் ஊன்றி ஊன்றி எழும் அந்தப் பின்னங்காலைப் பார்த்துக்கொண்டே நடந்தான்.