கோடு போட்டு அடித்த நம்பர்

முனிலட்சுமிக்கு முதலில் கோபம் வந்தது அந்த மேஜர் மேல்தான். பெங்களூரிலிருந்து ஜீப்பில் சூளகிரிக்கு வந்து, கொடுத்த மோரையும் குடித்துவிட்டு, செத்துப்போன மனுஷனை ஏமாற்றுக்காரன் என்றால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

அவளுடைய அப்பா திம்மப்பன் பட்டாளத்தில் துப்பாக்கி பழுதுபார்த்தவர். ஊருக்குத் திரும்பும்போது அவருடைய அதிகாரி ஒரு பழைய கைத்துப்பாக்கியை அன்பளிப்பாகத் தந்தார். நாற்பது வருஷம் அது லைசென்ஸோடு பெட்டியில் கிடந்தது. எலெக்‌ஷன் வந்தால் மட்டும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்வரும். "சண்டையில இதோட மேல்பாகம், அந்த ஸ்லைடு, விரிசல் விட்டுப்போச்சு, நான்தான் வேற மாட்டினேன்" என்று அவர் டீக்கடையில் சொன்னால், திம்மப்பன் இல்லையென்றால் வெள்ளைக்காரன் தோற்றிருப்பான் என்று சிரிப்பார்கள். சிரிப்புச் சத்தத்தோடேயே அவர் போய்ச் சேர்ந்தார். அந்தச் சிரிப்பை நிறுத்தத்தான் முனிலட்சுமி அப்பா இருந்த படைப்பிரிவுக்கு எழுதினாள். துப்பாக்கி அசல் என்றால் தங்கள் மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கீழே அவர் பெயரை எழுதுவதாகச் சொல்லி மேஜரை அனுப்பியிருந்தார்கள்.

மேஜர் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்தார். "எல்லா பாகத்துலயும் நம்பர் ஒண்ணாயிருக்கு. அதுதாம்மா தப்பு."

"ஒண்ணாயிருந்தா நல்லதுதானுங்களே?"

"பட்டாளத்துல ஒரு பாகத்தை மாத்தினா, பழைய நம்பர் மேல ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு, பக்கத்துல புது நம்பர் போடுவாங்க. பழசும் படிக்கிற மாதிரி இருக்கும். இதுல ஸ்லைடைத் தேய்ச்சுட்டுப் புதுசா அடிச்சிருக்கு. நம்பரோட ஓரம் இன்னும் மழுங்கக்கூட இல்லை. உங்கப்பா உங்களை நல்லா ஏமாத்தியிருக்காரு."

"கோடு இருந்துச்சுங்க. சின்னப்புள்ளையில நான் விரல் வெச்சுத் தடவிப் பாத்திருக்கேன்."

"அப்போ அது எங்க போச்சு?"

அவள் தன் தம்பி பெரியதம்பியைப் பார்த்தாள். அப்பாவுக்குப் பிறகு லைசென்ஸ் அவன் பேருக்குத்தான் மாறியிருந்தது. ஓசூரில் ஒரு கம்பெனியில் டூல் ரூம் வேலை. பெற்ற அப்பனை இவன் எதிரிலேயே ஒருத்தர் ஏமாற்றுக்காரன் என்கிறார், இவன் ஹைவேயில் போகும் லாரிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

முனிலட்சுமி லென்ஸைக் கேட்டு வாங்கினாள். ஸ்லைடின் நம்பரில் இருந்த நான்கின் கால் நுனி உடைந்திருந்தது. இந்த நொண்டி நான்கை அவள் தினமும் காலையில் பார்க்கிறாள்.

சமையல்கட்டுக்குப் போய்த் தம்பியின் டிபன் கேரியரைக் கொண்டுவந்து துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தாள். கேன்டீனில் எல்லார் கேரியரும் ஒன்றுபோல இருக்கிறதென்று, மூடியில் தன் டோக்கன் நம்பரை அவனே டூல் ரூமிலிருந்த இரும்பு எண் அச்சால் அடித்து வைத்திருந்தான். அதிலும் அதே நொண்டி நான்கு.

மேஜர் இரண்டையும் பார்த்தார். பிறகு பெரியதம்பியைப் பார்த்தார்.

"ரெண்டு நம்பர் இருந்தா வேணாம்னு சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன்க்கா" என்றான் அவன். "எங்க கம்பெனில நம்பர் பொருந்தலைன்னா பீஸைத் தூக்கி ஸ்கிராப்ல போட்டுடுவாங்க. நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

மேஜர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். "உங்கப்பாவைச் சொன்னது தப்பும்மா. மன்னிச்சுக்குங்க. ஆனா இதை இனிமே மியூசியத்துல வைக்க முடியாது. அவரு மாட்டினதுக்கு அந்தக் கோடுதான் சாட்சி."

ஜீப் போன பிறகும் பெரியதம்பி அதே இடத்தில் நின்றான். முனிலட்சுமி அவன் எதிரே போய் நின்றாள். அப்பா கையால் அடித்தது உலகத்தில் அந்த ஒரு கோடுதான் மிச்சம் இருந்தது. அதையும் அரம் வைத்து வழித்துவிட்டு நல்லது என்கிறான்.

"தேய்ச்சதைக்கூடப் பொறுத்துக்குவேன்டா. புத்தியில்லாம செஞ்சுட்டேன்னு விட்டுடுவேன். அப்பாவை அப்படிச் சொல்றப்போ வாயை மூடிட்டு நின்னே பாரு."

"பயந்துட்டேன்க்கா."

"நாளைக்கு ஷிப்டுக்குப் போறதுக்கு முன்னாடி டீக்கடையில போய் நில்லு. அப்பா சொன்னதெல்லாம் நெசம், அதை அழிச்சது நான்னு எல்லாரும் கேக்கற மாதிரி சொல்லு."

அவன் தலையைக் குனிந்துகொண்டே கேரியருக்குக் கை நீட்டினான். அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சொல்லிட்டு வா. அப்புறம் சோறு கட்டித் தரேன்."