இடப்பக்கம் சுருண்ட புரதம்

ஆய்வுக் கட்டுரை அச்சில் வந்த காலையிலிருந்து, அதில் பெயர் போட்டிருந்த நான்கு பேருக்கும் நல்ல உணவு நாறியது, அழுகியது மணத்தது. முதல் பெயர் அவளுடையது. ஒரே ஒரு புரதத்தைப் படிகமாக்க அவளுக்கு ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. அதில் பாதிக் காலம் புரதக் கரைசலின் துளிகளில் விளைந்ததெல்லாம் வெறும் உப்பு. கடைசியில் மணல் பருமனில் ஒரு புரதப் படிகம் கிடைத்தது. எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, சிதறிய புள்ளிகளிலிருந்து புரதத்தின் வடிவத்தைக் கணக்கிட்டாள். கணக்குப் போட்ட கணினி நிரல் ஆய்வகத் தலைவர் எழுதியது. அதில் ஒரு கூட்டல் குறி கழித்தலாக இருந்தது. வலது செருப்பு இடது காலுக்குப் போனதுபோல், புரதம் கண்ணாடிப் பிம்பமாக, வலப்பக்கச் சுருளெல்லாம் இடப்பக்கமாக வந்தது. படம் அழகாக இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை.

பால் குமட்டியது. புது ரொட்டி சாக்கடைபோல் வீசியது. நால்வரும் வாந்தி எடுத்து ஓய்ந்தபின் பூசணம் பிடித்த ரொட்டியையும் புழு நெளியும் இறைச்சியையும் கண்டுபிடித்தார்கள். தலைவர் விரலை நக்கிச் சாப்பிட்டார், சதை போட்டார், நிறுவன இயக்குநரானார். சிற்றுண்டிச்சாலையில் அவருக்காகத் தனி அலமாரி வைத்தார்கள்.

அவளும் தின்றாள். ருசியாகத்தான் இருந்தது, அதுதான் அவளுக்கு அருவருப்பு. முத்தமிடக் குனிந்தால் சின்ன மகள் தலையணைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

"கிட்ட வராதம்மா. உன் வாய்ல எலி செத்துக் கிடக்கு."

அதே இனப் புரதம் ஒன்றின் படம் வேறோர் ஆய்வகத்திலிருந்து வந்தபோது, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். தவறு தெரிந்தது. கட்டுரையைத் திரும்பப் பெறலாம் என்று இயக்குநரிடம் போய்ச் சொன்னாள்.

"எதுக்கும்மா? வயித்துக்கு ஒத்துக்குதுல்ல?" அவர் ஒரு எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"சார், சுருள் எல்லாம் தப்புப் பக்கம் போகுது."

"போகட்டுமே. புரதம் வந்து நம்மளைக் கேக்கவா போகுது?"

அவள் தன் பெயரை மட்டும் விலக்கிக்கொண்டு, காரணத்தையும் அச்சிடச் செய்தாள். அது அச்சான காலையில் பால் அவளுக்குப் பழையபடி மணத்தது. அன்று மாலை மகள் மடியில் ஏறிக்கொண்டாள். மறுவாரம் ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டு அவளைக் குடுவை கழுவும் அறைக்கு மாற்றினார்கள். கட்டுரை மற்ற மூவர் பெயரில் நின்று, பரிசும் வாங்கியது.

புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவர்களின் மூக்கில் ஒரு கோளாறும் இல்லை. இருந்தும் தட்டோடு தனி அலமாரிக்கே போனார்கள். முதலில் மூச்சை அடக்கி விழுங்கினார்கள். பிறகு இன்னொரு தரம் கேட்டு வாங்கினார்கள். இப்போது அங்கே அந்த ஓர் அலமாரிதான் இருக்கிறது.

மதியத்தில் அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆரஞ்சை உரித்தால், பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போகிறார்கள். ஜன்னலோர மேசை அவளுக்கென்றே ஆகிவிட்டது. அங்கே காற்றோட்டம் இருப்பதால் யாரும் புகார் செய்வதில்லை.