தடம் கேட்காத மாப்பிள்ளை

ஒரு மனுசனுக்குப் போகிற தடம் தெரியவில்லை என்றால் என்ன செய்வான்? வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கண்ணாடியை இறக்கி, எதிரே வருகிறவரை "ஏனுங்க" என்று கூப்பிட்டுக் கேட்பான். அதில் என்ன குறைந்துபோய்விடும்? ஈஸ்வரமூர்த்திக்குக் குறைந்துபோய்விடும். அதுவும் பெண்டாட்டி ஊருக்குத் தடம் கேட்டால், குறைவதற்கு மிச்சமே இருக்காது. அந்த வறட்டு கௌரவத்துக்காக ஒருத்தியின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டானே, அதைத்தான் சொல்ல வந்தது.

அந்த ஒருத்தி அவன் பெண்டாட்டி லோகப்பிரியா. கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் குடியிருக்கிறார்கள். கல்யாணமாகி ஒன்பது வருசம். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே கள்ளிக்காட்டுப்புதூர்தான் அவள் பிறந்த ஊர். அங்கே அவள் தம்பி மிதுனுக்குத் திங்கட்கிழமை விடிந்தால் கல்யாணம். முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் இணைச்சீர்.

இணைச்சீர் என்றால் கொங்கு நாட்டில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். கல்யாண மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவளை அவன் பக்கத்தில் நிறுத்திச் செய்கிற சீர். கூறைச்சேலையைக் கொசுவி, ஒரு தலைப்பை அவள் கக்கத்தில் வைத்து, மறு தலைப்பை அவன் கையில் கொடுப்பார்கள். உனக்குப் பெண்டாட்டி வந்தாலும் இவள் உனக்கு உண்டு என்று ஊரறியச் சொல்லும் சீர் அது. மிதுனுக்கு ஒரே அக்கா. அவனை இடுப்பிலேயே வைத்து வளர்த்தவள். அந்த நாளுக்காக லோகப்பிரியா எத்தனை வருசமாகக் காத்துக் கிடந்தாள் என்று அவளுக்குத்தான் தெரியும். விடிகாலையிலேயே தலைக்கு ஊற்றி, பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, தயாராகி உட்கார்ந்துவிட்டாள். ஈஸ்வரமூர்த்திதான் மத்தியானம் வரை அந்தக் கருமத்தைக் காரில் மாட்டிக்கொண்டிருந்தான்.

கருமம் என்றால் டேப்லெட். சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தான். அதைக் கார்க் கண்ணாடிக்கு முன்னால் ஒட்டவைக்க ஒரு பிளாஸ்டிக் கை, அதைத் தாங்க இன்னொரு கம்பி. ஒட்டி முடித்ததும் ரோட்டில் பாதி மறைந்துபோயிற்று.

"ரோடு தெரியலீங்களே" என்றாள்.

"ரோடு இதுலயே தெரியும், உக்காரு."

இத்தனை வருசமும் ஊருக்குப் போகிறபோதெல்லாம் அவள் அப்பா உடுமலை பஸ் ஸ்டாண்டில் பைக்கோடு நிற்பார். அவர் முன்னால் போக, இவன் பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு போவான். மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைக்கிற மரியாதை. இந்தத் தடவையும் வாரேன் என்றுதான் சொன்னார். "மாமாவைக் கல்யாண வேலையப் பாக்கச் சொல்லு, நானென்ன தடம் தெரியாதவனா?" என்று இவன் தடுத்துவிட்டான். டேப்லெட் கொடுத்த தைரியம்.

பொள்ளாச்சி தாண்டுகிற வரைக்கும் ஒரு குறையும் இல்லை. கோமங்கலம் தாண்டியதும் டேப்லெட்டுக்குள் இருக்கிற பொம்பிளை வாயைத் திறந்தாள். "வலதுபுறம் திரும்பவும்."

"ஏனுங்க, வேண்டாமுங்க. நேரா உடுமலைக்கே போயிரலாம். அங்கிருந்து எனக்குத் தெரியுமுங்க."

"இது பதினொரு நிமிசம் மிச்சம்ங்குது."

"நான் பொறந்து வளந்த ஊருங்க அது."

"நீ பஸ்ஸுல போனவ. இது சாட்டிலைட்டுல இருந்து பாக்குது." சொல்லிக்கொண்டே திருப்பிவிட்டான்.

எரிச்சல் எங்கே வருகிறது தெரியுமா? ஒன்பது வருசத்தில் இவள் ஒரு பேச்சுச் சொல்லி அவன் மறுபேச்சில்லாமல் கேட்டதே கிடையாது. மழை வருது, குடை எடுத்துக்குங்க என்றால்கூட ஏன், எதற்கு என்று பத்துக் கேள்வி. அந்தப் பொம்பிளை வலது என்றால் வலது, இடது என்றால் இடது. போதாததற்கு ஒவ்வொரு தடவையும் தலையை வேறு ஆட்டிக்கொண்டான். லோகப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தார் ரோடு மண் ரோடு ஆயிற்று. மண் ரோடு இட்டேரி ஆயிற்று. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு கார் மட்டும் நுழைகிற தடம். வேலிக்கு அந்தாண்டை தென்னை, தென்னை, தென்னை. எல்லாத் தோப்பும் ஒரே மாதிரி இருந்தால் அவளுக்கு மட்டும் என்ன தெரியும்? மெயின் ரோட்டில் விட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு போவாள். இந்தக் காட்டுக்குள் கொண்டுவந்து விட்டால் அவளும் திருதிருவென்றுதான் முழிக்க வேண்டும்.

தம்பி போன் செய்தான். "அக்கா, எங்கீங்க இருக்கீங்க?"

ஈஸ்வரமூர்த்தி ஸ்டீரிங்கை விடாமல் கிசுகிசுத்தான். "பத்து நிமிசம்னு சொல்லு."

"பத்து நிமிசம் கண்ணு, வந்துட்டோம்" என்றாள். தம்பி முன்னால் புருசனை விட்டுக்கொடுக்க முடியுமா? அடுத்து அம்மா கூப்பிட்டாள். அதே பத்து நிமிசம். அப்பா கூப்பிட்டார். "ஆளனுப்பட்டுமா கண்ணு?" என்றார். இவன் கையை ஆட்டி வேண்டாம், வேண்டாம் என்றான். "வேண்டாமுங்கப்பா, வந்துட்டோம்" என்றாள். சொன்ன வாயை அவளே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது.

ஒரு வளைவில் ஒரு பெரியவர் தென்னைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். "நிறுத்துங்க, அவரக் கேக்கலாம்" என்று லோகப்பிரியா கண்ணாடியை இறக்கினாள். பெரியவரும் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து, "யாரூட்டுக்குங்க போகோணும்?" என்று சிரித்த முகமாகக் கேட்டார். அவ்வளவுதான். ஈஸ்வரமூர்த்தி தன் பக்கத்து பட்டனை அமுக்கி அவள் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியை விரட்டினான்.

"உனக்கு அறிவிருக்குதா? மொதக் கேள்வியே யாரூட்டுக்குன்னுதான் கேப்பாங்க. ரண்டாவது கேள்வி நீங்க என்ன மொறைன்னு. அப்பறம் நாம போய்ச் சேர்றதுக்குள்ள, ஒம்பது வருசமாகியும் மாப்பிள்ளைக்கு மாமனாரூட்டுக்குத் தடம் தெரியலையாமான்னு கல்யாண ஊடு பூராச் சிரிக்கும். அதுக்கா வந்தேன்?"

"நான் இணைச்சீருக்கு வந்தனுங்க."

"வாய மூடு. சிக்னல் போயிருச்சு, பாக்க உடு."

டேப்லெட்டுக்குச் சொந்தமாக சிம்மில்லை. அவன் போனில் இருந்துதான் நெட். அங்கே அவன் போனுக்கும் டவர் இல்லை, அவள் போனுக்கும் இல்லை. படத்தில் இருந்த நீல அம்பு செக்கு மாடு மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றியது. அப்புறம் அந்தப் பொம்பிளை ஒரு அறிவிப்புச் செய்தாள் பாருங்கள்.

"சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்."

எதிரே ஒரு தோப்பின் இரும்பு கேட். கேட்டில் பூட்டு. அதை ஒட்டி பி.ஏ.பி. பாசன வாய்க்கால் இரண்டு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில், ஆமாம் அக்கரையில்தான், கள்ளிக்காட்டுப்புதூர். தென்னைகளுக்கு நடுவே பந்தலின் வெள்ளைத் துணியும், கட்டிவைத்த வாழை மரமும் தெரிந்தன. மேளச் சத்தம் கேட்டது. மேளம் நின்றதும் மைக்கில் அங்கப்பனின் குரல் வந்தது. சீர் நடத்தி வைக்கிற அருமைக்காரர் அவர்தான்.

"இணைச்சீர்ப் பொண்ணு லோகப்பிரியா வந்தாச்சுங்களா? எங்கிருந்தாலும் மேடைக்கு வாங்க அம்மிணி. நேரமாச்சு."

லோகப்பிரியா காரைவிட்டு இறங்கிக் கரைக்கு ஓடினாள். "நான் இங்க இருக்கறனுங்க!" என்று கத்தினாள். மைக் செட்டுக்கு முன்னால் ஒரு பெண்ணின் தொண்டை எம்மாத்திரம்? கையை ஆட்டினாள், முந்தானையை ஆட்டினாள். யாருக்குத் தெரியப்போகிறது! இரண்டு தடவை கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவை குரல் மாறியது.

"ராகுகாலம் வந்துரும். சித்தப்பா பொண்ணு புவனா அம்மிணி இருந்தா, வந்து நில்லுங்க."

அவள் அடிவயிற்றில் இருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா, ஆங்காரமா என்று அவளுக்கே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால், மகராசன் டேப்லெட்டைப் பிடுங்கி வானத்துக்குத் தூக்கிப் பிடித்து டவர் தேடிக்கொண்டிருந்தான்.

அந்நேரம் புல்லுக்கட்டோடு ஒரு எக்ஸெல் மொபெட் வந்தது. ஓட்டிவந்தது வெங்கடம்மாள், பக்கத்துத் தோட்டத்துக்காரி. லோகப்பிரியா கேட்பதற்கு முன்னாலேயே அவள் கேட்டாள். "ஏனம்மிணி, யாரூட்டுக்கு?"

"அந்தப் பந்தல் போட்ட ஊட்டுக்குங்க. நான் மாப்பிள்ளைக்கு அக்கா. தடம் தெரியலீங்க!"

இவ்வளவுதான். வாயைத் திறந்து கேட்க இவ்வளவு நேரம்தான் ஆகும். வெங்கடம்மாள் புல்லுக்கட்டை அப்படியே வேலியோரம் தள்ளினாள். "ஏறு கண்ணு. மேக்க நடைபாலம் இருக்குது. காரு போகாது, எக்ஸெல்லு போகும்."

"லோகு!" ஈஸ்வரமூர்த்தி ஓடி வந்தான். "பட்டுச்சீலையக் கட்டீட்டு இதுலயா போவ? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? ஒரு நிமிசம் பொறு, டவர் கிடைச்சுரும்."

அவனிடம் பேச வாயெடுத்தால் வாயில் வருவதெல்லாம் எழுத முடியாத வார்த்தையாக இருந்திருக்கும். சேலையை வரிந்து பிடித்துக்கொண்டு அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

பந்தலுக்குள் நுழைந்தபோது கூறைச்சேலை புவனாவின் கக்கத்தில் இருந்தது. மறு தலைப்பு மிதுனின் கையில். புவனா பாவம், இவளைக் கண்டதும் பதறி விலகப் பார்த்தாள். அங்கப்பன் கையமர்த்தினார். "கக்கத்துல வெச்சத எடுக்கக் கூடாதுங்க அம்மிணி. சீரு ஆரம்பிச்சாச்சு."

மிதுன் இவளைப் பார்த்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "பத்து நிமிசம்னு சொன்னீங்களே அக்கா. அதை நம்பித்தானே எல்லாத்தையும் நிறுத்தி வெச்சிருந்தேன்."

தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் தம்பியின் இணைச்சீரை விருந்தாளி மாதிரி நின்று பார்த்தாள். அரிசி போட்டார்கள், அவளும் போட்டாள்.

சீர் முடிந்து, எல்லாரும் காபி குடிக்கிற நேரத்தில் ஈஸ்வரமூர்த்தி நடந்து வந்து சேர்ந்தான். வேட்டியெல்லாம் புழுதி. டேப்லெட் கக்கத்தில். "வாங்க மாப்பிள்ளை, வாங்க" என்று அப்பா ஓடினார். "காரு எங்கீங்க?"

"இங்க நிறுத்த எடமிருக்காதுன்னு அந்தாண்டையே உட்டுட்டனுங்க."

"ஏனுங்க மாப்பிள்ளை இத்தன தாமசம்?" என்று யாரோ ஒரு பெரியவர் கேட்டார்.

ஈஸ்வரமூர்த்தி சிரித்தான். சிரித்துக்கொண்டே சொன்னான். "நான் என்னுங்க பண்றது? உங்கூட்டுப் பொண்ணு சீல கட்டி முடிக்கறதுக்கே மத்தியானமாயிருச்சுங்க."

பந்தலே கொல்லென்று சிரித்தது. பெண்கள்கூடச் சிரித்தார்கள். அம்மா இவள் பக்கம் வந்து தணிந்த குரலில், "இன்னைக்கு ஒரு நாளாச்சும் வெரசாக் கெளம்பியிருக்கக் கூடாதா கண்ணு?" என்றாள். அம்மா வாயில் இருந்து அந்தப் பேச்சு வந்ததும் லோகப்பிரியாவுக்குள் ஒன்பது வருசமாகக் கட்டி வைத்திருந்தது அறுந்தது.

"அம்மா, நான் பொழுது விடியறதுக்கு முன்னாடியே சீல கட்டீட்டனுங்க" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். சிரிப்பு நின்றது. "உங்க மாப்பிள்ளைக்கு நம்மூட்டுக்குத் தடம் தெரியாதுங்க. கேக்கறதுக்கு வெக்கம். கேக்கப் போன என்னையும் கேக்க உடுல, கண்ணாடிய ஏத்தி உட்டுட்டாரு. வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் நின்னு, மைக்குல என் பேரக் கூப்புடறதையும் புவனாவக் கூப்புடறதையும் கேட்டேன். இவரு மானத்தக் காப்பாத்தறதுக்காகத்தான் பத்து நிமிசம், பத்து நிமிசம்னு உங்க எல்லார்த்துகிட்டயும் பொய் சொன்னேன். அந்த மானத்துக்கு என் தம்பியோட சீரையே கொடுத்துட்டேன். இன்னும் என்ன வேணுமாம் அவருக்கு, எம்பேர்ல பழி வேறயா?"

"கண்ணு, சபையில..." என்று அப்பா கையைப் பிசைந்தார்.

"சபையிலதானுங்கப்பா அவரும் சொன்னாரு."

ஈஸ்வரமூர்த்தியின் முகம் கன்றிப்போயிற்று. மாப்பிள்ளைமார்களுக்கென்று ஒரு முறுக்கு இருக்கிறதே, அது ஏறிக்கொண்டது. "இதுக்கு மேல ஒரு நிமிசம் இங்க நிக்க மாட்டேன். நான் ஊருக்குப் போறேன்" என்று காபி டம்ளரை நங்கென்று வைத்துவிட்டுக் கிளம்பினான். பந்தல் பதறியது. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனால் கல்யாண வீடு தாங்குமா? அப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் காலில் விழாத குறையாகப் பின்னால் ஓடினார்.

"உடுங்கப்பா" என்றாள் லோகப்பிரியா. "போகட்டும். போறதுக்கும் யாரையாச்சும் தடம் கேட்டுத்தானே ஆகோணும்."

அப்பாவின் கால் நின்றுவிட்டது. ஈஸ்வரமூர்த்தி பந்தல் வாசல் வரை விறுவிறுவென்று போனான். அங்கே வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு இட்டேரி, அந்தப் பக்கம் ஒரு இட்டேரி. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான், வந்தது எதில் என்று பிடிபடவில்லை. பந்தலில் அத்தனை சனமும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.