ஓரத்தில் எழுதிய எண்

எங்கள் துப்பாக்கிச் சங்கத்தில் ஜனவரி மாதக் கடைசி ஞாயிறு புத்தக நாள். இலக்கியக் கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கூடுகளை வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்கிற ஆட்கள் நாங்கள். அந்த வேலையை முதன்முதலில் எந்தக் கையேட்டைப் பார்த்துக் கற்றோமோ, அதை அன்று ஆளுக்கொன்று தூக்கிக்கொண்டு வருவோம். மதியம் எல்க் மான் கறியும் காபியும் முடிந்ததும் நீள மேசையைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் தன் கதையைச் சொல்லச் சொல்ல, அவருடைய புத்தகம் கைமாறி வட்டம் வரும்.

அச்சில் இருப்பதை யாரும் படிக்க மாட்டார்கள். அது எல்லார் வீட்டிலும் இருக்கிறது. எல்லாரும் பார்ப்பது பக்கத்தின் ஓரத்தை. எந்தத் துப்பாக்கிக்கு எவ்வளவு வெடிமருந்து போட்டோம், எந்தத் தேதியில் சுட்டோம், குண்டு எங்கே விழுந்தது என்று ஒவ்வொருவரும் அங்கே பென்சிலால் கிறுக்கியிருப்போம். டெல்பர்ட்டின் புத்தகத்தில் அவனுடைய முதல் மனைவியைத் திட்டிக்கூட ஒரு வரி இருக்கிறது. இரண்டாம் மனைவிதான் அதை வருடாவருடம் சத்தமாகப் படித்துக் காட்டுவாள்.

என் புத்தகம் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

"சர்ச்சுல வச்சிருக்கிற பைபிள்கூட இவ்வளவு சுத்தமா இருக்காது லோவெல்," என்பாள் நோரீன். எங்கள் செயலாளர், வாய்த்துடுக்குக்காரி. "இதைப் படிச்சியா, இல்ல தலைக்கு வச்சுத் தூங்கினியா?"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். முப்பத்தோரு வருடமாகச் சிரித்திருக்கிறேன். அது என் முதல் புத்தகமே இல்லை. எண்பத்தெட்டாம் வருடம் இலையுதிர்காலத்தில் கடையில் வாங்கியது. முதல் புத்தகம் என் வீட்டு நிலவறையில், ஆணிப் பெட்டிக்கு அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றிக் கிடந்தது.

அந்தப் புத்தகத்தை எண்பத்தெட்டு வசந்தத்தில் ஹார்லன் ஸ்காருக்கு இரவல் கொடுத்தேன். ஹார்லன் எனக்கு இரண்டு மைல் தள்ளி மாடு வளர்த்தவன். நல்ல வேட்டைக்காரன், ஆனால் விரல்கள் கொழுத்தவை. ஒரு சிட்டிகை உப்பை எடுக்கச் சொன்னால் ஒரு கைப்பிடி எடுப்பான். அதனால் தோட்டா நிரப்பும் வேலையை அவன் மனைவி ஆர்டிஸ் எடுத்துக்கொண்டாள். பலகாரம் செய்வதில் எங்கள் பக்கத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மாவையும் சர்க்கரையையும் தராசில் வைத்துத்தான் அளப்பாள். மருந்தையும் அப்படியே அளந்தாள், ஒவ்வொரு கூட்டுக்கும் மூன்று தடவை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு.

அந்த வருடம் ஹார்லன் புதுத் துப்பாக்கி வாங்கியிருந்தான். ஆகஸ்ட் மாதம், கொதிக்கிற வெயிலில், வீட்டுக்குப் பின்னால் மேசை போட்டுக் குறி பார்த்துச் சுட்டான். மூன்றாவது தோட்டாவில் துப்பாக்கியின் பின்பக்கம் வெடித்து அவன் முகத்துக்குள் போனது.

ஆர்டிஸ் முதலில் எனக்குத்தான் போன் செய்தாள். போலீசுக்கு முன்பே நான் போய்ச் சேர்ந்தேன். அவள் புல்லில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். தலை என்று சொல்கிறேன், அவ்வளவுதான் சொல்வேன். "போர்வை கொண்டா லோவெல், அவனுக்குக் குளுருது," என்றாள். அந்த வெயிலில்.

போர்வை எடுக்க உள்ளே போனேன். நிலவறைப் படிக்கட்டு வழியில் இருந்தது. ஏன் இறங்கினேன் என்று இத்தனை வருடமாக என்னிடமே பொய் சொல்லியிருக்கிறேன். உண்மை இதுதான்: வெடித்தது என்று அவள் போனில் சொன்ன நொடியே என் புத்தகம்தான் என் நினைவுக்கு வந்தது.

ஆர்டிஸ் மருந்து அளக்கிற மேசை அங்கேதான் இருந்தது, அதன் மேல் புத்தகம் விரிந்து கிடந்தது. அச்சிட்ட அட்டவணைக்குப் பக்கத்தில், ஓரத்தில், என் கையெழுத்தில் என் எண். புத்தகம் சொன்ன உச்ச அளவுக்கு மேலே. அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன்; போதும் அது செய்தது. என் துப்பாக்கி என் அப்பாவுடையது, குழாய் தேய்ந்து தளர்ந்தது, எவ்வளவு மருந்தையும் தாங்கும். அதையும் நான் சோதித்தது ஜனவரிக் குளிரில், மருந்து மந்தமாக எரிகிற காலத்தில். ஹார்லனுடையது புதுசு, இறுக்கமானது, வெயிலில் சுட்டான். எந்தத் துப்பாக்கி, எந்தத் தேதி என்று பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். எங்கள் ஆட்களில் கத்துக்குட்டிகூட எழுதுவான். நான் எழுதவில்லை. எனக்குத்தான் தெரியுமே என்று விட்டுவிட்டேன். அதே சோம்பலில் புத்தகத்தை இரவலும் கொடுத்தேன்.

அவளுடைய பென்சில் அங்கேயே கிடந்தது, பின்னால் ரப்பர் வைத்த மஞ்சள் பென்சில். தேய்த்து அழித்தேன். ரப்பர்த் தூளைக் கூட்டி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு மேலே வந்து, போர்வையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

ஷெரிப்பின் துணை அதிகாரி வந்து கேட்டபோது ஆர்டிஸ் தெளிவாகத்தான் சொன்னாள். "புத்தகத்து ஓரத்துல பென்சில்ல ஒரு எண் இருந்துச்சு. லோவெல் கையெழுத்து மாதிரி இருந்துச்சு. அதைத்தான் அளந்தேன்."

அவர் அந்தப் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்தார். எதுவும் இல்லை. என்னைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"எனக்குப் புத்தகத்துல எழுதுற பழக்கமே கிடையாது," என்றேன்.

அவள் முகம் என்ன ஆனது என்று எழுத எனக்குத் தெம்பு இல்லை. கோபம் வரவில்லை, சந்தேகம்கூட வரவில்லை. என்னை நம்பினாள். தன் கண்ணை விட்டுவிட்டு என்னை நம்பினாள். அடுத்த வரியில் இருந்த வேறு மருந்தின் அளவை அவசரத்தில் பார்த்துவிட்டாள் என்று அந்த அதிகாரி எழுதி முடித்தார். இரண்டு வாரம் கழித்துப் புத்தகம் என்னிடமே திரும்பி வந்தது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "பொம்பளை கையில தராசைக் கொடுத்தான், போய்ச் சேர்ந்தான்," என்று டெல்பர்ட் மதுக்கடையில் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். கேட்டுக்கொண்டு பீரைக் குடித்தேன். ஆர்டிஸ் பலகாரம் செய்வதை விட்டுவிட்டாள். அவள் மகள் இரண்டு வருடம் அவளோடு பேசவில்லை. நான் குளிர்காலம் தோறும் அவளுக்கு விறகு வெட்டிப் போட்டேன், கூரையைச் சரி செய்தேன், பனியை வாரினேன். லோவெல்லைப் போல் ஒரு அண்டை வீட்டுக்காரன் உண்டா என்று ஊரே மெச்சியது. எந்தப் புத்தகத்திலும் நான் அதற்குப் பிறகு பென்சில் வைத்ததில்லை. சொன்ன பொய்க்கு ஏற்றபடி நடந்துகொண்டேன்.

இந்த ஜனவரியில் அந்த ஆர்டிஸ் சங்கக் கட்டடத்துக்குள் வந்தாள். எழுபத்துநாலு வயது. கையில் கடையில் வாங்கிய ஆப்பிள் 'பை' பலகாரம், விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல். முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவை. டெல்பர்ட் எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டான்.

"இருக்கட்டும்பா, ரொம்ப நேரம் உக்கார வரல," என்றாள். "நாளைக்கு ஸ்போகேனுக்குப் போறேன், மக வீட்டுக்கு. கூட்டிட்டுப் போக அவளே வந்திருக்கா. ஒரேயடியா. வீட்டை வித்தாச்சு."

"அப்ப உன் மொதப் புத்தகக் கதையைச் சொல்லிட்டுப் போ," என்று நோரீன் விளையாட்டாகச் சொல்லிவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அதுக்குத்தான் வந்தேன். என் மொதப் புத்தகம் லோவெல்ட்ட இருக்கு." என் பக்கம் திரும்பினாள். "இருக்குதில்ல? எரிச்சிடலியே?"

"வீட்டுல இருக்கு," என்றேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு முந்திக்கொண்டது.

"போய் எடுத்துட்டு வாயேன். ஒரே ஒரு தடவ பாக்கணும். எந்த வரியிலேருந்து எந்த வரிக்கு என் கண்ணு தாவுச்சுன்னு பாத்துட்டேன்னா, அப்புறம் நிம்மதியாப் போயிடுவேன். என் மக இன்னிக்கும் பேரப்பிள்ளைங்களுக்கு இருமல் மருந்து ஊத்த என்னை விட மாட்டா, தெரியுமா? 'நீங்க வேண்டாம்மா, நான் ஊத்திக்கறேன்'ம்பா. நல்ல பொண்ணு. அவ பயம் அவளுக்கு."

நான் கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

பனி கொட்டியது. வீட்டில் இரும்பு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. துணியைப் பிரித்துப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுப்புக் கதவைத் திறந்து நின்றேன். எரித்துவிட்டு, கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. நாளைக்கு அவள் போய்விடுவாள். எனக்கு எழுபத்தொன்று, இன்னும் எத்தனை வருடம் சிரிக்க வேண்டியிருக்கும்? முகம் சுடும் வரை நின்றேன். பிறகு கதவைச் சாத்தினேன். மனம் திருந்தி அல்ல. எரித்தால் அவள் எந்த வரி என்று சாகும் வரை தேடிக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

திரும்பி வந்தபோது அவள் அதே நாற்காலியில், கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்தாள். பக்கத்தை அவளே திருப்பினாள், தேடவே இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியில் விரல் வைத்தாள். அடுத்த வரி. அதற்கு அடுத்தது. பக்கத்தின் கடைசி வரை போனாள். மறுபடி மேலே வந்தாள்.

"அந்த எண்ணு இதுல இல்லையே," என்றாள்.

"ரொம்ப வருஷமாச்சு ஆர்டிஸ்," என்றான் டெல்பர்ட், மெதுவாக. "ஞாபகம் மாறிப்போகும்."

"பிள்ளை பேரு மறந்தாலும் எனக்கு அது மறக்காது டெல்பர்ட். மூணு தடவ அளந்தேன். கடைசியில ஏழு. இந்தப் பக்கத்துல ஏழுல முடியற எண்ணே இல்ல. அந்த ஆபீசர் அடுத்த வரின்னார். அடுத்த வரியில இல்ல. எங்கேயுமே இல்ல. அப்ப நான் எங்கேருந்துதான்பா எடுத்தேன்? எனக்குப் பைத்தியமா?"

எழுந்து நின்றேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"என்கிட்டேருந்து எடுத்த," என்றேன். "ஓரத்துல எழுதியிருந்தது நான்தான். அன்னிக்கு நீ ஹார்லனோட வெளியில உக்காந்திருந்தப்ப, உன் பென்சிலாலயே அழிச்சேன். நீ தப்பே பண்ணல. ஒரு மணி மருந்துகூடத் தப்பா அளக்கல."

நோரீன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். டெல்பர்ட் தன் காபிக் கோப்பையையே பார்த்தான். மதுக்கடையில் தான் சொன்னது அவனுக்கு நினைவு வந்திருக்கும்.

ஆர்டிஸ் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. கட்டைவிரலால் அந்த ஓரத்தைத் தடவினாள். எவ்வளவு தேய்த்தாலும் பென்சில் அழுத்திய பள்ளம் போகாது. அது எனக்கும் தெரியும், தடவிப் பார்த்திருக்கிறேன். ஏழின் இடுப்பில் நான் போடும் குறுக்குக் கோடு வரைக்கும் அவள் விரல் போய் நின்றது.

"விறகெல்லாம் அதுக்குத்தானா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நல்லாக் காஞ்ச விறகு," என்றாள்.

கைப்பையைத் திறந்து ஒரு பேனாவை எடுத்தாள். புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள்.

"எழுது. என் மக வெளியில கார்ல இருக்கா, அவகிட்டக் காட்டணும். பேனாவால எழுது."

எழுதினேன். முப்பத்தோரு வருடத்துக்குப் பிறகு என் கை அந்தப் பள்ளத்திலேயே போனது. கீழே என் பெயரையும் அந்த ஆகஸ்ட் மாதத் தேதியையும் போட்டுவிட்டுப் பேனாவை வைத்தேன்.

அவள் புத்தகத்தை எடுக்கவில்லை.

"அதுக்குக் கீழ ஒரு வார்த்தை இருந்துச்சே," என்றாள். "அளவு ஜாஸ்தியா இருக்கேன்னு நான் ஹார்லன்கிட்டக் கேட்டேன். அவன் அந்த வார்த்தையைக் காட்டித்தான், லோவெல்லே சொல்லிட்டான், போடுன்னான்."

அதை யாரிடமும் நான் சொன்னதில்லை. இத்தனை நேரம் உங்களிடமும் சொல்லவில்லை. அவள் விரல் அந்த இடத்தைக் காட்டியபடி நின்றது. பேனாவை மறுபடி எடுத்து, எல்லாரும் பார்க்க, எண்ணுக்குக் கீழே எழுதினேன்: பயமில்லை.