செத்து எழுந்த யானைகள்

சென்ற கார்த்திகையில் உத்தனப்பள்ளி ஆஞ்சப்பன் மரத்துப்பாக்கியால் சுட்ட யானை, துதிக்கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மூன்று முறை தள்ளாடி, நிதானமாகச் செத்தது. அந்தத் துப்பாக்கியின் குழலில் ஓட்டைகூடக் கிடையாது. ஆஞ்சப்பன் இளவட்டமாக இருந்த காலத்தில், ராயக்கோட்டைப் பக்கம் 'பெரியவர்களுக்கு மட்டும்' பேய்ப்படம் எடுக்க வந்தவர்கள், தச்சரிடம் சொல்லிச் செய்து கறுப்பு பெயின்ட் அடித்த சாமான் அது. எந்நேரமும் குளித்துக்கொண்டிருக்கும் பேய், சுட்டால் சாகுமா என்று படத்தில் ஒருவரும் கேட்கவில்லை. வேட்டைக்காரனாக நடித்த ஆஞ்சப்பனும் கேட்கவில்லை. அவர் சுட்டார், பேய் சிரித்தது, அவர் செத்தார். கொட்டகையில் சனம் பயந்தது பேய்க்கு, சிரித்தது அவருக்கு. கம்பெனிக்காரர்கள் துப்பாக்கியை மறந்துவிட்டுப் போனார்கள்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிக்காரர்கள் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். எதற்கு வம்பு என்று ஆஞ்சப்பனும் ஒவ்வொரு தேர்தலுக்கும் கட்டையைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். போலீஸ்காரர்களும் சிரித்தபடி அதை நிஜத் துப்பாக்கிகளோடு சாத்தி வைத்தார்கள். அந்தச் சகவாசத்தில்தான் அது சுடக் கற்றுக்கொண்டது என்பது ஊரார் முடிவு.

வருஷம் முழுக்கக் களிக்கு வேண்டிய ராகி கொல்லையில் நின்றது. சானமாவுக் காட்டு யானை அதில் இறங்கியதும், வயிறு எரிந்து, சும்மா மிரட்டத்தான் அவர் கட்டையை நீட்டினார். யானை செத்தே விழுந்தது.

"ஏங்க, பாரஸ்ட்டுக்காரங்க வந்தா என்னான்னு சொல்லுவீங்க?" என்று அலறினாள் மனைவி நஞ்சம்மா.

பயத்தில் அவர் வாயில் வந்தது ஒரே வார்த்தை: "கட்!" யானை எழுந்து தூசி தட்டிக்கொண்டது.

"செத்து உழுந்தே பாதிக் கொல்லைய நாசம் பண்ணிடிச்சி. நாளைக்கு வந்தா பாற மேல நிக்கவெச்சுச் சுடுங்க" என்றாள் நஞ்சம்மா.

மறுநாள் முதல் யானைகள் நேராகப் பாறைக்கு வந்தன. முறை வைத்துச் செத்தன. ராகியில் வாய் வைக்காமல் திரும்பின. ஷிப்டு முடிந்த ஓசூர்ப் பையன்கள் பைக்கில் வந்து விசில் அடித்தார்கள். அறுப்பு முடிந்து கொல்லை மொட்டையான பிறகும் யானைகள் வந்தன. ஆஞ்சப்பனும் சலிக்காமல் சுட்டார். வேஷம் கட்டியவர்களைப் பசியோடு அனுப்பக்கூடாது என்று நஞ்சம்மா அந்த ராகியிலேயே களி கிண்டி, எழுந்த யானைக்கெல்லாம் ஓர் உருண்டை கொடுத்தாள். கூட வந்த குட்டிக்கும் ஒன்று கொடுத்தாள். அதற்கு இன்னும் சாகத் தெரியவில்லை.