பொன்னுத்தாயின் கட்டைவிரல்

1.
இந்தக் கதை ஒரு செருப்பிலிருந்து கிளம்பியது. நன்னிலத்தில் பேருந்து ஏறிய ஒருத்தியின் இடது செருப்பு படியிலேயே கழன்று நின்றுவிட்டது. அவளோ அது தெரியாமல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பொன்னுத்தாய் என்று பெயர் வைத்தேன். மீதியெல்லாம் என் புளுகு.

தொடக்கம்: 'பொழுது புலரும் வேளையில் காவிரி...'

(வேண்டாம். காவிரியை விட்டால் எங்கள் பக்கத்து ஆளுக்குக் கதை தொடங்கத் தெரியாதா?)

2.
பொன்னுத்தாய் நாற்றுப் பறிப்பவள். நாற்றங்காலில் குந்தினால் மதியம் வரை எழமாட்டாள். முட்டி வலித்தது. வலித்த இடத்தை இறுக்கிக் கட்டுவதுதானே நம் வழக்கம்? கணவர் வீரையனின் பழைய துண்டைக் கிழித்து, முட்டிக்குக் கீழே முடிச்சுப் போட்டாள். சில வாரங்களில் பாதத்தின் மேல்புறம் மரத்துப்போனது. இன்னும் இறுக்கினாள். பிறகு பாதம் மேலே எழும்பவே இல்லை. வரப்பில் விரல் தட்டி விழுந்தாள்.

"வரப்புல என்னடி டான்ஸு?" என்றார் வீரையன்.

(இங்கே இடுப்பெலும்பு தேய்ந்ததென்று ஒரு பத்தி இருந்தது. ஊரும் அப்படித்தான் சொன்னது. நரம்பு மருத்துவர் சுடர்விழி வந்து அதை அடித்துவிட்டார்.)

3.
இடுப்பில் குறையில்லை என்று பார்த்துவிட்டு, சுடர்விழி முட்டிக்கு வெளிப்புறம் எலும்பு புடைத்த இடத்தில் விரலால் தட்டினார். பாதம் வரை சுரீரென்றது.

"ஐயோ டாக்டரம்மா, கரண்டு அடிக்குது!"

"நரம்பு இங்கதான் எலும்ப ஒட்டி ஓடுதுங்க. ரொம்ப நேரம் குந்துனாலே நசுங்கும். நீங்க முடிச்சு வேற போட்டு வச்சிருக்கீங்க."

"வலிக்குத்தானே கட்டுனேன்?"

"அந்தக் கட்டுதாங்க நோவு. மொதல்ல அவுத்துடுங்க."

நரம்புச் சோதனையும் அதே இடத்தைக் காட்டியது. குந்தக் கூடாது, பாதம் தொங்காமலிருக்க ஒரு பட்டை, தினமும் பயிற்சி. மூன்று மாதத்தில் கால் கட்டைவிரல் மேலே எழவில்லையென்றால் கீறித்தான் நரம்பை விடுவிக்க வேண்டும். அப்போதும் முழுக்கத் திரும்புமென்று உறுதியில்லை.

"அப்ப நான் வயல்ல எறங்குறது?" அவள் கேட்டது அது ஒன்றுதான். வயலில்லாமல் அவளுக்கு இருக்கத் தெரியாது.

4.
எனக்கோ அறுவைசிகிச்சை எழுத ஆசை. (கையில் கத்தி கிடைத்தால் எழுத்தாளன் விடுவானா?) அவளைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் மூன்று மாதத்தை ஒரே வரியில் தாண்டினேன். இதோ, தாண்டியாயிற்று.

பொன்னுத்தாய் கட்டிலில் காலை நீட்டிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"தூக்குறேன். பாத்துச் சொல்லுங்க. வெளையாட்டு வேணாம்."

வீரையன் பார்த்தார். கேலி வரவில்லை. மெல்லக் குனிந்து அவர்

இரண்டு முடிவு எழுதி இரண்டையும் அடித்துவிட்டேன். விரல் எழுந்தது என் ஆசை. எழாதது என் பயம். நீங்களும் அவள் காலடியில்தான் நிற்கிறீர்கள். பார்த்துச் சொல்லிவிடுங்கள். பொய் மட்டும் வேண்டாம். உங்கள் சொல்லை நம்பித்தான் அவள் எழுந்து நடக்கப்போகிறாள்.