தரை என்று எழுதிய இடம்

நான் குதித்துக் காட்டியிருக்கக் கூடாது.

"கெட்டித் தரை அத்தான், கண்ணை மூடிட்டு வாங்க" என்று சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். வாய்ச்சொல் போதாதோ என்று இரண்டு காலையும் சேர்த்து ஒரு குதி குதித்தேன். பத்தடி தள்ளி நின்ற ஆளுயரப் புதர் ஒன்று, இலை அசையாத அந்தக் காலை வேளையில், என்னைப் பார்த்துத் தலையாட்டியது.

அத்தானும் பார்த்துவிட்டார். என் அக்காவின் கணவர். மண் அள்ளும் இயந்திரம் ஓட்டுகிறவர். அந்த ஏழு டன் இரும்போடு குளக்கரையிலிருந்து முப்பதடி உள்ளே வந்துவிட்டிருந்தார்.

"மாப்ள, இன்னொரு தடவை குதி பாப்போம்."

"வேணாம் அத்தான்."

"ஏன், கால் வலிக்குதா?"

"புதர் ஆடுது."

"அதான் கேக்கறேன். நீ குதிச்சா அது எதுக்கு ஆடணும்?"

எதற்கு ஆட வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் நின்றது தரை அல்ல. மிதந்துகொண்டிருந்தோம்.

இந்தக் குளத்தின் செடிக் கணக்கு எடுப்பது என் வேலை. ஆண்டுக்கு ஒரு முறை கரையிலிருந்து நடுக்குளம் வரை கயிறு கட்டி, எந்த இடத்தில் எந்தச் செடி என்று எழுதுவேன். பதினெட்டு ஆண்டுகளாக எழுதுகிறேன். முதலில் பெரும்பாலான இடத்தில் தண்ணீருக்குள் பாசி மட்டும்தான். அது செத்து மட்கிச் சேறானது, சேறு உயர்ந்ததும் அல்லி வந்தது, அல்லி மட்கி ஆழம் இன்னும் குறைய, கோரை, கோரைக்குப் பிறகு புல், பிறகு புதர். ஒன்று இடத்தைத் தயார் செய்து கொடுத்துவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்ளும். எங்கள் அலுவலகத்தில் யாரும் இவ்வளவு மரியாதையாக நாற்காலியை விட்டு நான் பார்த்ததில்லை.

ஐந்தடிக்கு ஒரு முறை அளவுக்கம்பைக் குத்தி அடி தட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பத்தடிக் கம்பு, தோள்பட்டை கழன்றுவிடும். மூன்று ஆண்டுகளாக நான் குத்தவில்லை. செடியைப் பார்த்தே எழுதினேன். புல் என்றால் ஈரத்தரை, புதர் என்றால் கெட்டித்தரை. "செடி எங்கிட்ட பேசும்" என்று தேநீர் வேளையில் பீற்றிக்கொண்டது வேறு.

பேசியதில் பாதியைத்தான் கேட்டிருக்கிறேன். இந்தப் பக்கம் சேறு கீழிருந்து ஏறி வரவே இல்லை. கோரை கரையிலிருந்து தண்ணீரின் மேலாகப் படர்ந்து, வேரோடு வேர் பின்னிப் பாய் விரித்திருக்கிறது. பாயின் மேல் புல், புல்லோடு புதர். வரிசை கொஞ்சமும் தப்பவில்லை. அடியில் மட்டும் குளம் அப்படியே இருந்தது.

நடுவில் தண்ணீர் மிச்சமிருந்த இடத்தைத் தூர்வார இயந்திரம் போக வேண்டிய வழியைப் பச்சைப் பென்சிலால் போட்டுக் கொடுத்ததும் நான்தான்.

"அத்தான், இறங்கி ஓடி வந்துடுங்க."

"எங்க இறங்குறது? கதவுப் பக்கமாத்தான் வண்டி சாயுது. நான் இறங்கினா என் மேலேயே வந்து படுத்துக்கும்."

சக்கரப் பட்டையைச் சுற்றிப் புல்லுக்குள்ளிருந்து கறுப்புத் தண்ணீர் சத்தமில்லாமல் ஊறி வந்தது. அலுவலகத்தில் மேலதிகாரி அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஏழு டன் தாங்குமா மேடம்?"

"அது அந்தந்த எடத்தோட நிலைமையைப் பொறுத்ததுங்க. உங்க அறிக்கையில என்ன போட்டிருக்கு?"

போனை வைத்தேன். என்ன போட்டிருக்கிறது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

இயந்திரத்தின் பக்கவாட்டில் அளவுக்கம்பு கட்டியிருந்தது. ஊர்ந்து போய் உருவினேன். பின்னால் இரண்டடி தள்ளிக் குத்தினேன். பத்தடியும் உள்ளே போனது. முழங்கை வரை கையும் போனது. அடியே இல்லை. இன்னொரு இடத்திலும் அப்படித்தான். என் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை அக்கா கேட்டிருந்தால் ஆயுளுக்கும் கிண்டல் செய்திருப்பாள்.

நான் முதன்முதலில் வரைந்த படம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. இடது பக்கம் அந்த நாளிலேயே அல்லி பூத்திருந்தது. அல்லி இருந்தால் ஆழம் குறைவு. அங்கேயாவது சேறு கீழிருந்து ஏறியிருக்க வேண்டும். நாலு கால் பிராணியாக இடப்பக்கம் தவழ்ந்து குத்தினேன். இடுப்பளவில் கம்பு நின்றது. இன்னும் மூன்றடி, முழங்காலளவில் டொக்கென்று முட்டியது.

"அத்தான், இப்படி! சாய்வா பின்னால வாங்க!"

"குத்திப் பாத்தியா, இல்ல செடி சொல்லுச்சா?"

"குத்திப் பாத்தேன்!"

அவர் அள்ளும் வாளியைப் பாயின் மேல் படுக்க வைத்து அழுத்தி, பட்டையைப் பின்னோக்கி உருட்டினார். வாளிக்கு அடியில் பாய் கிழிந்தது. அந்தச் சத்தம் துணி கிழிவது போலத்தான் இருந்தது, ஆனால் துணி அவ்வளவு நேரம் கிழியாது. முன்பக்கம் சரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அத்தானின் வாய் அசைந்தது, கேட்கவில்லை. பட்டையின் பின்பகுதி கெட்டிச் சேற்றைப் பற்றியது, வழுக்கியது, மறுபடி பற்றியது. இயந்திரம் கோரையை வாரிச் சுருட்டிக்கொண்டு கரையேறியபோது நான் கம்பைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அத்தான் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இயந்திரம் நின்றிருந்த இடத்தில் கறுப்பாக ஒரு பள்ளம் திறந்திருந்தது. சுற்றியிருந்த புல் மெல்ல மெல்ல அதை மூட வந்துகொண்டிருந்தது.

"நான் எழுதிக் குடுத்ததை நம்பியா அத்தான் இறக்குனீங்க?"

"உங்கக்காவையே நம்பிக் கட்டிக்கிட்டவன்டா நான்."

"வெளையாடாதீங்க. புது எடம்னா நீங்களே கம்பு குத்திப் பாத்துட்டுத்தானே வண்டியை எறக்குவீங்க? இன்னிக்கு ஏன் பாக்கல?"

கையிலிருந்த சேற்றைக் கால்சட்டையில் துடைத்தார். என் முகத்தைப் பார்த்தார், சிரிக்கவில்லை.

"கீழே உன் கையெழுத்து இருந்துச்சு. அதனால பாக்கல."